பகலில் தொலையும் தூக்கம்

முதியோர் நலம் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் கிராமத்துக்கு வரும்போது, வழக்கமாக மூன்று படிவங்களைக் கொண்டுவருவார்கள். முதல் படிவம் தூக்கத்தைப் பற்றியது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1989இல் வெளிவந்த இந்தப் படிவத்தில் 19 கேள்விகள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், கண் அசர எவ்வளவு நேரம் ஆனது, நடுவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்று கேட்டு, கடைசியில் 0 முதல் 21 வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள். ஐந்தைத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். இரண்டாவது படிவம் மனநிலைக்கானது. ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். மூன்றாவது, அன்றாட வேலைகளை யார் உதவியும் இல்லாமல் செய்ய முடிகிறதா என்று பார்க்கும் படிவம்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களுக்கு இப்படிக் கேள்வி கேட்க வருகிறவர்கள் புதியவர்கள் அல்ல. வில்லியனூர்ப் பக்கம் ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற மருத்துவ மையம் இருக்கிறது. பாகூர்ப் பக்கம் பிள்ளையார்குப்பத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூன்று படிவங்களையும் நிரப்ப நேரம் பிடிக்கும். ஆனால் இந்த ஊர்களின் திண்ணைகளில் அவற்றுக்கான பதில் பெரும்பாலும் ஒரே மூச்சில் வந்துவிடும்: "ராத்திரி தூக்கம் இல்ல, மனசு ஒரு நெலையில இல்ல, ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது."

மூன்று படிவங்களாகப் பிரித்துக் கேட்டதை, திண்ணையில் இப்படிப் பதில் சொல்லும் ஆயா ஒரே வாக்கியமாகச் சொல்லிவிடுகிறார். கடந்த நாற்பது ஆண்டுகளில் தூக்கத்தைப் பற்றி அறிவியல் கண்டுபிடித்தவற்றை அடுக்கிப் பார்த்தால், அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

இரண்டு விசைகள்

நமக்கு ஏன் தூக்கம் வருகிறது? சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் சொன்ன விளக்கம்தான் இன்றும் நிற்கிறது. தூக்கத்தை இரண்டு விசைகள் இயக்குகின்றன என்றார் அவர். முதலாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கூடிக்கொண்டே போகும் தூக்கத் தேவை. மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது கூடக் கூடக் கண்ணைச் சுழற்றுகிறது. தூங்கினால்தான் அது குறையும். காபி தூக்கத்தைக் கலைப்பதும் இதனால்தான்: அடினோசின் போய் உட்கார வேண்டிய இடங்களில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது.

இரண்டாவது விசை உடலுக்குள் இருக்கும் கடிகாரம். நாம் களைத்திருந்தாலும் களைக்காவிட்டாலும் அது தன்போக்கில் ஓடும். உயிர்களுக்குள் இப்படி ஒன்று இருப்பதை மனிதன் முதலில் கவனித்தது மரங்களில். மாவீரன் அலெக்சாந்தரின் கடற்படையில் இருந்த ஆண்ட்ரோஸ்தெனஸ், இன்று பஹ்ரைன் எனப்படும் தீவில் ஒரு மரத்தின் இலைகள் இரவில் மூடிப் பகலில் விரிவதைக் குறித்துவைத்தார். அது புளியமரம் என்று கருதப்படுகிறது. வில்லியனூர்ப் பக்கம் எந்தச் சாலையிலும் அந்தி மங்கும் நேரத்தில் அண்ணாந்து பார்த்தால் அதே காட்சி இன்றும் தெரியும். 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான், தொட்டாற்சிணுங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாத நிலையிலும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மடிந்தன. நேரம் செடிக்கு உள்ளேயே இருந்தது.

மனித மூளையில் இந்தக் கடிகாரம் இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஓர் அரிசி மணியளவில் இருக்கிறது. அது காட்டும் நேரம் 24 மணிக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. தினமும் திருத்தப்பட வேண்டும். திருத்துவது வெளிச்சம். பார்ப்பதற்கான செல்கள் போக, வெளிச்சத்தின் அளவைக் கணக்கெடுத்துக் கடிகாரத்துக்கு அனுப்பவென்றே கண்ணில் தனிச் செல்கள் இருப்பது 2002இல்தான் உறுதியானது. அவற்றுக்குப் பிடித்தது நீலம் கலந்த பகல் ஒளி.

இங்கேதான் வயது குறுக்கிடுகிறது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. நீல ஒளியைத் தடுக்கிறது. புரை விழுந்தால் இன்னும் மோசம். கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வையோடு தூக்கமும் மேம்படுவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தவளக்குப்பத்தில் 2003 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புரை எடுக்கப் போகிறவர்கள் பேப்பர் படிப்பதற்காக, பேரப்பிள்ளை முகம் பார்ப்பதற்காகப் போகிறார்கள். கூடவே உடலின் கடிகாரத்துக்கும் ஒரு சன்னல் திறக்கிறது.

இரண்டு மணிக்கு விழிப்பு

"வயசானா தூக்கம் கொறஞ்சிடும்" என்பது எல்லோரும் சொல்வது. எவ்வளவு குறைகிறது? ஐந்து வயதுக் குழந்தை முதல் 102 வயது வரையிலான 3,577 பேரின் தூக்க அளவீடுகளைத் தொகுத்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. பெரியவர்களில் பத்து வயது கூடினால் தூக்கம் சுமார் பத்து நிமிடம் குறைகிறது என்பது அதன் கணக்கு. பயப்படும்படியான குறைவு அல்ல. ஆனால் தூக்கத்தின் தன்மை மாறிவிடுகிறது: ஆழ்ந்த தூக்கம் சுருங்குகிறது, மேலோட்டமான தூக்கம் கூடுகிறது, சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வருகிறது. விழிப்பைக் குறைத்துத் தூக்கத்தைத் தொடரச் செய்யும் ஒரு சிறு நரம்புக் கூட்டம் மூளையில் உண்டு. அமெரிக்காவில் இறந்தபின் மூளையை ஆய்வுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட முதியவர்களின் கையில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி, அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று முன்பே பதிவு செய்திருந்தார்கள். பிறகு அவர்களின் மூளைகளைப் பரிசோதித்தபோது, அந்த நரம்பணுக்கள் எவருக்குக் குறைவோ அவர் தூக்கம் அதிகமாகத் துண்டுபட்டிருந்தது தெரிந்தது. 2014இல் வெளிவந்த ஆய்வு இது.

கடிகாரமும் வயதோடு முன்னே நகர்கிறது. மாலை ஏழரைக்கே கண் சொக்கும். இதை ஒரு கிராமத்து இரவோடு பொருத்திப் பாருங்கள். மருமகள் சீக்கிரமே சோறு போட்டுவிடுகிறாள். தாத்தா எட்டு மணிக்குப் படுத்துவிடுகிறார். அவருக்குத் தேவையான தூக்கம் ஆறு மணி நேரம்தான் என்றால் அது இரண்டு மணிக்கே முடிந்துவிடும். மதியம் சாப்பிட்டபின் ஒன்றரை மணி நேரம் தூங்கியிருந்தால் அதற்கும் முன்பே முடியும். இரண்டு மணிக்குக் கண் விழித்து, "விடியற வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டு இருக்கேன்" என்று அவர் சொல்வது உண்மைதான். பல வீடுகளில் அதற்குப் பின்னால் இருப்பது நோயை விட, இந்த எளிய கூட்டல் கணக்கு.

எல்லாமே கணக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனின் சுரப்பு வயதோடு மட்டுப்படுகிறது. பகலெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததால் கணுக்காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் கலந்து சிறுநீராக வருகிறது. ரத்த அழுத்தத்துக்கான நீர்பிரி மாத்திரையை மாலையில் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். மூட்டு வலி, இருமல், மூச்சு அடைபட்டு விழிக்க வைக்கும் குறட்டை, சர்க்கரை நோய் எல்லாம் சேர்ந்துகொள்ளும். வெக்கையும் ஒரு காரணம். தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். பகலில் சூடேறிய சிமென்ட் ஷீட் கூரையின் கீழ் அது எளிதில் இறங்காது. 68 நாடுகளில் கைப்பட்டைக் கருவிகள் பதிவு செய்த தூக்கத்தை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வு, இரவின் வெப்பம் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் மற்றவர்களைவிட முதியவர்கள் இரு மடங்குக்கும் மேலாகத் தூக்கத்தை இழப்பதாகச் சொல்கிறது.

மதுரைக் குகையில் ஒரு வௌவால்

கடிகாரத்தைத் திருத்துவது வெளிச்சம் மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு அழகான ஒரு பதில் நம் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வளர்த்தவர் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன். அவரும் மாரிமுத்து, ராஜன் ஆகியோரும் மதுரைக்கு அருகே பகலும் இரவும் ஒரே இருட்டாக இருக்கும் குகையில், இலைமூக்கு வௌவால் ஒன்றைக் கூண்டில் வைத்தார்கள். வெளியே பொழுது சாய்வது அதற்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனதும் அது கூண்டுக்குள் பறக்கத் தொடங்கியது. நாள் தவறாமல் நேரம் தவறாமல் பறந்தது. பிறகு வேறு வௌவால்களே இல்லாத ஒரு குகையில் தனியாக வைத்துப் பார்த்தார்கள். அங்கே அதன் கடிகாரம் ஊரின் நேரத்தோடு ஒட்டாமல், நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது.

முதல் குகையில் அதற்கு நேரம் சொன்னது யார்? கூட வசித்த வௌவால்கள். அவை அந்தியில் கூட்டமாக வெளியே கிளம்பும் அரவத்திலிருந்து, கூண்டில் இருந்தது பொழுதை அறிந்துகொண்டது. 1981இல் வெளியான ஆய்வு இது.

மனிதர்களைப் பொறுத்தவரை வெளிச்சமே முதல் ஆசான். ஆனால் நம்மை வெளிச்சத்துக்குள் இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் மற்றவர்கள்தாம். பால் ஊற்ற வேண்டும், மாட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும், ஏழு மணிக்குள் நடவுக்குப் போய்ச் சேர வேண்டும், பள்ளிக்கூட வேன் வருவதற்குள் பிள்ளைக்குத் தலை வாரிவிட வேண்டும். வாழ்நாள் முழுவதும் பாகூர் வயல்களில் வேலை செய்த ஒருவருக்கு அலாரம் தேவைப்பட்டதே இல்லை. ஊரே எழுப்பியது, ஊரே உறங்க வைத்தது. மகன் வேலைக்காக நகரத்துக்குப் போய், துணையும் காலமாகி, முழங்காலும் பிடித்துக்கொண்டபின் இவை ஒவ்வொன்றாக உதிர்கின்றன. எழுந்தால் என்ன, எழாவிட்டால் என்ன என்ற நிலை வருகிறது. சமூகம் தரும் இந்த நேரக் குறிப்புகள் குலைவதே உடலின் தாளத்தைக் குலைத்து மனச்சோர்வுக்கு வழி திறக்கலாம் என்று எலர்ஸ், ஃபிராங்க், குப்ஃபர் ஆகிய மூவர் 1988இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள்.

தூக்கம் முதலா, மனம் முதலா

மனச்சோர்வு வந்தால் தூக்கம் கெடும்; இது எவருக்கும் தெரியும். தூக்கம் கெட்டால் மனச்சோர்வு வருமா? தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் இரு மடங்கு என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் உறுதி செய்தார்கள். அப்படியானால் தூக்கத்தைச் சரிசெய்து மனச்சோர்வைத் தடுக்க முடியுமா? அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த, தூக்கமின்மை மட்டுமே இருந்த 291 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தூக்கப் பழக்கத்தை மாற்றும் முறையான பயிற்சி. மற்றவர்களுக்குத் தூக்கம் பற்றிய அறிவுரை மட்டும். மூன்றாண்டு கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்களில் மனச்சோர்வு வந்தவர்களின் பங்கு மற்றவர்களில் பாதிதான். பயிற்சியில் மாத்திரை எதுவும் இல்லை.

நம் நாட்டில் இதற்கு இன்னும் நெருக்கமான சான்று கோவாவில் இருக்கிறது. அங்கே 60 வயதைக் கடந்த 181 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. மனநல மருத்துவர்களுக்குப் பதிலாக, பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள். மனதை அழுத்தும் பிரச்சினையை எப்படிப் பிரித்துக் கையாள்வது, எப்போது படுப்பது எப்போது எழுவது, சர்க்கரை நோயை எப்படிக் கவனிப்பது, அரசு உதவியைப் பெற எங்கே போவது என்று பேசினார்கள். ஓராண்டுக்குள் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் இந்தப் பிரிவில் சுமார் 4 சதவீதம்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் சுமார் 14 சதவீதம். 2019இல் வெளியான முடிவு இது. ஆஷா பணியாளர்களும் சுகாதார நிலையங்களும் உள்ள புதுச்சேரியில் இதைச் செய்யப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

2017–18இல் இந்தியா முழுவதும் 45 வயதைத் தாண்டிய 72,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய முதுமை பற்றிய தேசிய ஆய்வில், அறுபதைக் கடந்தவர்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு நோய்க்கான அறிகுறிகள் தெரிந்தன. வயதானவர்களின் சோர்வு அழுகையாக வெளிப்படுவதைவிட அசதியாக, பசியின்மையாக, நெஞ்சுப் படபடப்பாக வெளிப்படுவது அதிகம். அதனால்தான் முதியோருக்கான மனநிலைப் படிவத்தை உருவாக்கியவர்கள் தூக்கம், பசி போன்ற உடல் சார்ந்த கேள்விகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். வயதான உடம்பில் அவை நோயால் வந்தவையா மனதால் வந்தவையா என்று பிரிப்பது கடினம். படிவத்துக்கு அது சரி. ஆனால் "அசதியா இருக்கு" என்று மட்டும் சொல்லிச் சத்து ஊசி கேட்கும் பெரியவரிடம் "மனசு எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தவறக்கூடாது.

"நீங்க சும்மா இருங்க"

மூன்றாவது படிவத்துக்கு வருவோம். அமெரிக்க மருத்துவர் சிட்னி கட்ஸ் 1963இல் ஆறு செயல்களைப் பட்டியலிட்டார்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இடுப்பெலும்பு முறிந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் கவனித்தபோது அவருக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அவர்கள் இந்தத் திறன்களைத் திரும்பப் பெற்ற வரிசை, குழந்தை வளரும்போது அவற்றைக் கற்றுக்கொள்ளும் வரிசையை ஒத்திருந்தது. இழப்பதோ தலைகீழ் வரிசையில்: பொதுவாக முதலில் போவது தானாகக் குளிப்பது, கடைசிவரை தங்குவது தன் கையால் உண்பது.

1969இல் லாட்டனும் பிராடியும் இதற்கு மேல் ஒரு படியைச் சேர்த்தார்கள்: சமையல், கடைக்குப் போவது, பணத்தைக் கையாள்வது, வேளைக்கு மருந்து எடுத்துக்கொள்வது போன்றவை. வீட்டுக்குள் மட்டுமல்லாமல் ஊருக்குள் வாழத் தேவையான திறன்கள் இவை. மேற்சொன்ன தேசிய ஆய்வில் முதியவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு முதல் பட்டியலில் ஏதேனும் ஒன்று சிரமம். இரண்டாவது பட்டியலில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிரமம்.

அரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் முதியோரை ஆராய்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது பட்டியல் கைகொடுக்கவில்லை. "சமைப்பீர்களா?" என்று கேட்டால், மருமகள் இருக்கும்போது நான் ஏன் சமைக்க வேண்டும் என்ற பதில்தான் வரும். முடியவில்லையா, செய்யவேண்டிய தேவை இல்லையா என்று பிரிக்கவே முடியாது. அதனால் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியோருக்கென்றே வேறு கேள்விகளை உருவாக்கி 1999இல் வெளியிட்டார்கள்.

அந்தச் சிக்கல் அளவீட்டோடு நிற்பதில்லை. நம் வீடுகளில் பெரியவர்களுக்கு மரியாதை காட்டுவதே வேலையைப் பிடுங்கிக்கொள்வதாக ஆகிவிட்டது. "உங்களுக்கு எதுக்கு இந்த வேல? நீங்க சும்மா இருங்க." சொல்கிறவர் மனதில் அன்புதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லில் எத்தனை போகிறது என்று எண்ணிப் பாருங்கள். முறத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்கும் காலை வெளிச்சம் போகிறது. வீட்டுக்குள் வெளிச்சம் நூறு இருநூறு லக்ஸ் இருந்தால் அதிகம். வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம். நடை போகிறது; நடை போனால் தொடைத் தசை கரைகிறது, உட்கார்ந்து எழுவது கஷ்டமாகிறது. பகலில் அங்கங்கே கண் அயர்வதால், இரவுக்கென்று சேர வேண்டிய தூக்கத் தேவை சேர்வதில்லை. கடைத்தெருவில் நாலு பேரைப் பார்ப்பது போகிறது. அதோடு நேரம் காட்டும் ஊரும் போகிறது. இரவில் விழித்துக் கிடந்தவருக்கு மறுநாள் உடம்பு ஓய்கிறது. "பாவம், முடியல" என்று இன்னொரு வேலையை வாங்கிக்கொள்கிறோம். சுற்று இப்படியே இறுகுகிறது.

மாத்திரை எனும் குறுக்கு வழி

இந்த இடத்தில்தான் தூக்க மாத்திரை வீட்டுக்குள் வருகிறது. அல்பிரசோலம், டயஸிபாம் போன்றவை 2014 முதல் மருந்துக் கடைகள் தனிப் பதிவேடு வைத்து, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. காரணம் இருக்கிறது. வயதான உடலில் இவை பல மணி நேரம் தங்குகின்றன. நள்ளிரவில் கொல்லைப்பக்கம் போக எழுகிறவரைத் தள்ளாட வைக்கின்றன. ஒரே ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் போதும். கட்ஸ் பட்டியலில் உள்ள ஆறில் நான்கு ஒரே இரவில் பறிபோகலாம். முதியோருக்கு இவற்றைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியலும் சொல்கிறது. ஏற்கெனவே நெடுநாளாகச் சாப்பிடுகிறவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மாத்திரைக்கு முன்னால் செய்து பார்க்கக் கூடியவை நிறைய இருக்கின்றன. தினமும் ஒரே நேரத்தில் எழச் சொல்லுங்கள், முந்திய இரவு எப்படிப் போயிருந்தாலும். வெயில் ஏறுவதற்குள் அரை மணி நேரமாவது வெளியே இருக்கட்டும். மதியத் தூக்கம் மூன்று மணிக்குள் அரை மணி நேரத்தோடு முடியட்டும். எட்டு மணிக்குப் படுக்கவைக்காமல் ஒன்பதரை, பத்து வரை பேச்சுக் கொடுங்கள். மாலைக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். நீர்பிரி மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கழிப்பறை போகும் வழியில் ஒரு சின்ன விளக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வையுங்கள். உரத்த குறட்டை, தொடர்ந்து இரண்டு வாரம் எதிலும் பிடிப்பில்லாத நிலை, சாவைப் பற்றிய பேச்சு இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல உதவிக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண்கள் இருக்கின்றன, தமிழிலேயே பேசலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் பெரியவருக்கென்று ஒரு வேலையை விட்டுவையுங்கள். அவர் செய்யாவிட்டால் நடக்காது என்கிற உண்மையான வேலையாக அது இருக்கட்டும்: காலையில் பால் வாங்கி வருவது, பேத்தியை வேன் ஏற்றிவிடுவது, கீரைப்பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவது. அவர் மெதுவாகத்தான் செய்வார். கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் நேரமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள். முதியவரின் இரவுத் தூக்கத்தில் பெரும்பங்கு அவருடைய பகலில்தான் இருக்கிறது. அந்தப் பகலை நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வைத்தியம் முடிந்தது.